கதவுக்கு இந்தப் பக்கம்

பிரையர் க்ரீக், கென்டக்கி
செப்டம்பர் 13

அன்புத் தங்கை கார்லீனுக்கு,

அக்கா பெர்னடீன் எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஜெபத்துக்கு மண்டியிடும்போது பழைய தலையணையை மடித்துப் போட்டுக்கொள் என்று போன தடவையே எழுதினேன். போட்டுக்கொள்கிறாயா, இல்லை அதற்கும் மடத்துத் தாயாரிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதம் ஆகிறது. இந்த வருஷமும் எனக்குப் பதினான்காம் நம்பர் பஸ்தான். நாற்பத்தொரு பிள்ளைகள். போன வாரம் ஒரு பெண் கோழிக்குஞ்சைச் சட்டைக்குள் ஒளித்து ஏற்றிவிட்டாள். பாதி வழியில் அது கத்த ஆரம்பிக்க, பின்சீட்டுப் பையன்கள் எல்லோரும் அதைப் போலவே கத்தி அவளைக் காப்பாற்றப் பார்த்தார்கள். நான் கண்ணாடியில் பார்த்தும் பார்க்காதது போல ஓட்டினேன்.

ஒரு விசேஷம். நானும் டார்லாவும் துப்பாக்கி வகுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துப்போக லைசென்ஸ் வாங்கும் வகுப்பு. ஒரே நாள், தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில். டார்லாவின் கொட்டகையை உடைத்து யாரோ புல்வெட்டும் யந்திரத்தைத் தூக்கிப்போய்விட்டார்கள். அதிலிருந்து அவள் என்னை விடவில்லை.

"புருஷன் இல்லாத வீடு ரெண்டு. சேர்ந்தே போயிட்டு வந்துருவோம்டி. மத்தியானம் சாப்பாடும் போடுறாங்களாம்" என்றாள்.

"சாப்பாடு போட்டா துப்பாக்கி கத்துக்கப் போவியா?"

"சாப்பாடு போட்டா ரெண்டாந்தடவை ஞானஸ்நானமே வாங்கிக்குவேன்."

லியோன் போனதிலிருந்து அவருடைய ரிவால்வர் அலமாரியில் செருப்புப் பெட்டிக்குள்தான் கிடந்தது. நான்கு வருஷத்துக்குப் பிறகு நேற்றுதான் எடுத்துத் துடைத்தேன். பயப்படாதே, தோட்டா போடவில்லை.

உன் ஜெபத்தில் நம் வீட்டையும் சேர்த்துக்கொள்.

உன் அக்கா,
பெர்னடீன்


புனித மார்த்தா மடம், விஸ்கான்சின்
செப்டம்பர் 27

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்தபோது நான் மாவுக் கையோடு இருந்தேன். உறையின் மேல் என் ஐந்து விரலும் பதிந்துவிட்டன. முழங்கால் பரவாயில்லை. தலையணை போட்டுக்கொள்கிறேன், தாயாரே கொண்டுவந்து கொடுத்தார். இந்த மாதம் எங்களுக்குத் திருப்பலி அப்பம் சுடும் வேலை அதிகம். நாள் முழுக்க வட்டம் வட்டமாக வெட்டி, தூக்கத்திலும் வெட்டுகிறேன்.

நீயா துப்பாக்கி வகுப்புக்குப் போகிறாய்? குளியலறைச் சிலந்தியைத் துடைப்பத்தில் ஏற்றித் தோட்டம் வரை ஊர்வலமாகக் கொண்டுபோய் விடுகிறவள் நீ. எலிப்பொறியில் எலி விழுந்தால் லியோன் அத்தானைக் கூப்பிட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாய். வகுப்பில் என்ன நடந்தது என்று ஒன்று விடாமல் எழுது. இங்கே சாப்பாட்டு வேளையில் புனிதர்களின் வரலாறு வாசிக்கிறோம், நல்லதுதான். ஆனால் டார்லாவின் பேச்சு அதில் கிடைக்காது.

எல்லோரும் சௌக்கியம் என்று எழுதியிருந்தாய். உன் வீட்டில் இப்போது எல்லோரும் என்றால் யார் யார் அக்கா? உன் பிள்ளை ஷேனைப் பற்றி ஒரு வரி எழுதக் கூடாதா? கூரையிலிருந்து விழுந்து அடிபட்ட அந்த முதுகு இன்னும் வலிக்கிறதா அவனுக்கு?

உன் உடம்பைப் பார்த்துக்கொள். இரத்த அழுத்த மாத்திரையை மறக்காதே.

உன் கார்லீன்


பிரையர் க்ரீக்
அக்டோபர் 11

அன்புத் தங்கைக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். மாத்திரை போடுகிறேன். நீ கேட்டபடி வகுப்புக் கதையை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போனோம். தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். பதினான்கு பேர். கல்யாணமாகி மூன்று வாரமான ஒரு ஜோடி சாயங்காலம் வரை பிடித்த கையை விடவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு கையால்தான் குறிப்பெடுத்தார்கள். எண்பத்து மூன்று வயது ஓடிஸ் கிழவர் முதல் வரிசையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார். ஐந்து வயதிலிருந்து அணில் சுடுகிற தனக்கு வகுப்பு எடுப்பதா என்று கோபம்.

சொல்லிக் கொடுப்பது யார் என்று நினைக்கிறாய்? ரெனி டவுன்ஸ். ஷெரீஃப் ஆபீசில் பத்து வருஷம் இருந்துவிட்டு இப்போது விதைக்கடை வைத்திருக்கிறாள். முதல் வகுப்பு படிக்கும்போது என் பஸ்ஸில் வாந்தியெடுத்த அதே ரெனி. "பெர்னி அம்மா, இன்னைக்கு நான் சொல்றதை நீங்க கேக்கணும்" என்று சிரித்தாள்.

முதல் பாடம், சுடப்போகிற கணம் வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். எல்லோரையும் வெறுங்கையை நீட்டி, விரலை நேராக வைக்கச் சொன்னாள். பதினான்கு பேரும் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக் குழந்தைகள் மாதிரி எதிர்ச்சுவரைக் காட்டிக்கொண்டு நின்றோம். பிறகு எங்கெல்லாம் எடுத்துப்போகக் கூடாது என்று ஒரு பட்டியல். பள்ளிக்கூடம், நீதிமன்றம், மதுக்கடை. பிறகு, எங்கே மறைப்பது. டார்லா எழுந்து தன் மார்பைத் தொட்டுக் காட்டி, "இங்க வெச்சா என்னாலயே கண்டுபிடிக்க முடியாது, பரவாயில்லையா?" என்றாள். ஓடிஸ் கிழவர்கூடச் சிரித்துவிட்டார்.

சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணை மூடச் சொன்னாள். "உங்க வாசல்ல ஒருத்தன் நிக்கிறான். கதவை உடைச்சுட்டு உள்ள வரான். அவன் முகத்தைப் பாருங்க. சுடுவீங்களா, மாட்டீங்களா? இப்பவே முடிவு பண்ணிக்கங்க. அன்னைக்கு யோசிக்க நேரம் இருக்காது" என்றாள்.

அந்த நேரம் பார்த்து எனக்கு இருமல் வந்துவிட்டது. வெளியே போய்க் கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வந்தேன்.

மத்தியானம் புகையில் வாட்டிய பன்றிக்கறியும் பீன்ஸ் சூப்பும். டார்லா மூன்று தடவை வாங்கினாள். சுடுகிற பகுதி சாயங்காலம் ரெனியின் மேய்ச்சல் நிலத்தில் நடக்க வேண்டியது. மழை பிடித்துக்கொண்டதால் எனக்கு அடுத்த வாரம் என்று ஆகிவிட்டது.

குளிர் ஆரம்பித்துவிட்டது. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி தனியாக அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
பெர்னடீன்


புனித மார்த்தா மடம்
நவம்பர் 1

அன்புள்ள அக்கா,

காலுறை கிடைத்தது. ஒரு ஜோடியை எண்பது வயது சகோதரி ஹில்டகார்டுக்குக் கொடுத்துவிட்டேன், கோபிக்காதே. உன் இருமல் சரியாகிவிட்டதா? நெஞ்சில் சளி இருந்தால் டாக்டரிடம் காட்டு.

டார்லாவின் கதையைச் சாப்பாட்டு மேஜையில் சொல்ல அனுமதி கேட்டேன். தாயார் தனியாகப் படித்துப் பார்த்துவிட்டு, சிரித்து முடித்து, "வேண்டாம்" என்றார்.

அக்கா, இதற்கு மேல் நான் எழுதுவது உனக்குப் பிடிக்காமல் போகலாம். பள்ளிக்கூடத்துக்குத் துப்பாக்கி எடுத்துப்போகக் கூடாது என்று நீயே எழுதியிருக்கிறாய். நீ போகிற இடம் பள்ளிக்கூட பஸ், கோயில், கடை, வீடு. அப்படியானால் அது வீட்டுக்குத்தான். டார்லாவின் புல்வெட்டும் யந்திரத்துக்காக நீ துப்பாக்கி பிடிக்கிறவள் இல்லை.

உன் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். ஜூன் மாதத்துக்குப் பிறகு நீ ஷேன் என்ற பெயரை எழுதவே இல்லை. நான் கேட்டதற்கும் பதில் இல்லை.

திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் கிறிஸ்துமஸ் வரை எங்களுக்குக் கடிதம் கிடையாது என்று உனக்குத் தெரியும். அதற்குள் எழுது. என்னவாக இருந்தாலும் எழுது. முப்பத்திரண்டு வருஷமாக நான் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பவள். யாரிடம் போய்ச் சொல்லப் போகிறேன்?

உன் கார்லீன்


பிரையர் க்ரீக்
நவம்பர் 22

அன்புத் தங்கைக்கு,

நலம். இருமல் போய்விட்டது. நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

ஷேன் லெக்ஸிங்டன் பக்கம் கூரை வேலைக்குப் போயிருக்கிறான். வேலை அதிகம், அதனால் வருவதில்லை. நன்றாக இருக்கிறான்.

சுடும் தேர்வில் தேறிவிட்டேன். இருபத்தோரு அடி தூரத்தில் ஆள் உருவம் வரைந்த தாள். இருபது குண்டில் பதினொன்று பட்டால் போதும். எனக்குப் பதினேழு. ஷெரீஃப் ஆபீசில் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நன்றியறிதல் நாளுக்கு டார்லா வீட்டில் வான்கோழி.

பஸ்ஸுக்கு நேரமாகிறது. கிறிஸ்துமஸ் வாழ்த்துகள், முன்கூட்டியே.

பெர்னடீன்


புனித மார்த்தா மடம்
டிசம்பர் 26

அன்புள்ள அக்கா,

பிறந்த பாலகன் உன் வீட்டுக்குச் சமாதானம் தரட்டும். நேற்று எங்களுக்கு ஆரஞ்சும் சாக்லேட்டும் கிடைத்தன. இன்று காலை முதல் வேலையாக உனக்குத்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எழுதிய கடிதத்தில் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்கிறாய். ஒரு மாதமாக அந்தக் கடிதத்தை என் ஜெபப் புத்தகத்தில் வைத்திருக்கிறேன். அதற்கு மேல் நான் எதையும் துருவவில்லை. ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல். லியோன் அத்தானின் ரிவால்வரை இப்போது எங்கே வைத்திருக்கிறாய்? அதில் தோட்டா இருக்கிறதா?

ஷேனுக்காக ஒவ்வொரு நாளும் பெயர் சொல்லி ஜெபிக்கிறேன். உனக்காகவும்.

உன் கார்லீன்


பிரையர் க்ரீக்
ஜனவரி 17

என் கார்லீனுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு ஆரம்பிக்க வேண்டும். கேட்டுவிட்டேன். இனி நேராக எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இன்றைக்கும் கோழிக்குஞ்சுக் கதைதான் எழுதுவேன்.

ரிவால்வர் சமையலறையில், பாத்திரம் துடைக்கும் துணிகளுக்கு அடியில், இழுப்பறையில் இருந்தது. தோட்டாவோடு.

முதுகு வலிக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையில் ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியும். மாத்திரை ஊசியான கதை உனக்குத் தெரியாது, நான் எழுதவில்லை. ஆகஸ்டில் ஒரு மத்தியானம் ஷேன் வந்து கார் சாவியைக் கேட்டான். கொடுக்கவில்லை. பின்கதவைச் சாத்திக்கொண்டேன். கதவுக் கண்ணாடியைக் கையாலேயே உடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். அவன் கையிலிருந்து இரத்தம் சொட்டுகிறது, அது அவனுக்குத் தெரியக்கூட இல்லை. என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். வலியை விடு. அவன் கண்ணைப் பார்த்தேன், அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. லியோனின் கைக்கடிகாரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அடுத்த நாள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஓட்டினேன். ஆகஸ்ட் வெயிலில்.

பெற்ற பிள்ளைக்குப் பயந்து துப்பாக்கி வகுப்புக்குப் போனேன் என்று எந்த வாயால் உன்னிடம் சொல்வது?

ரெனி கண்ணை மூடச் சொன்னபோது மற்றவர்களுக்கு யாராவது திருடன் தெரிந்திருப்பான். எனக்கு இருமல் எதுவும் வரவில்லை. எழுந்து வெளியே ஓடி, பின்பக்கப் படியில் உட்கார்ந்து அழுதேன். ரெனி பின்னாலேயே வந்தாள்.

"ஷேனா, பெர்னி அம்மா?" என்று கேட்டாள்.

நான் சட்டைக்கையை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டேன்.

"ஊருக்கே தெரியும்மா. அந்த வெயில்ல முழுக்கை போட்டு ஓட்டினீங்களே."

"அப்ப சொல்லு. நான் என்ன பண்ணணும்?"

"சுடக் கத்துக்கங்க. வீட்ல ஒண்ணு கிடக்குது, தெரியாம வெச்சிருக்கறதுதான் எனக்குப் பயம். ஆனா அந்தக் கதவுக்கு இது வேணாம்மா. கண்ணாடியை எடுத்துட்டு பலகை அடிங்க. நல்ல பூட்டா போடுங்க. போன் பக்கத்துலயே இருக்கட்டும். அவன் வந்தா கூப்பிடுங்க, எந்நேரமானாலும் நான் வரேன்."

அன்றைக்கு மழையும் பெய்யவில்லை. மற்றவர்கள் எல்லோரும் சுட்டார்கள். நான்தான் வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த வாரம் தனியாகப் போய்ச் சுட்டேன். தாளில் முகம் இல்லை, அதனால் முடிந்தது. ரெனி கைதட்டினாள். நான் தாளைத் திரும்பிப் பார்க்காமல் வண்டியில் ஏறிக் கிளம்பினேன்.

பூட்டு மாற்றினேன். பலகை அடித்தேன். ஆனாலும் அவள் வேண்டாம் என்றதைக் கேட்காமல் தோட்டாவைப் போட்டு இழுப்பறையில் வைத்தேன். லெக்ஸிங்டனில் வேலை என்றது பொய். அக்டோபருக்குப் பிறகு ஊரில் யார் கண்ணிலும் அவன் படவில்லை, எங்கே இருந்தான் என்றே எனக்குத் தெரியாது.

ஒன்பதாம் தேதி சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். பனி கொட்டியிருந்தது. பின்கதவில் தட்டுகிற சத்தம். உடைக்கவில்லை, தட்டினான். மெதுவாக இரண்டு தட்டு. சன்னல் திரையை விலக்கிப் பார்த்தால் ஷேன். அவன் போட்டிருந்தது யாருடைய கோட்டோ தெரியவில்லை, தோள் தொங்கியது.

நான் இழுப்பறையைத் திறந்தேன் கார்லீன். எடுத்தேன். கதவைப் பார்த்து நின்றேன். குனிந்து பார்க்கிறேன், ரெனி சொல்லிக் கொடுத்தபடியே பிடித்திருக்கிறேன், விரல் விசைக்கு வெளியே நேராக நிற்கிறது.

"அம்மா, திறக்க வேணாம். உள்ள வரமாட்டேன். சும்மா பாக்கத்தான் வந்தேன்" என்றான் வெளியிலிருந்து.

"என்னடா வேணும்?"

"ஒண்ணும் வேணாம். ரொம்பக் குளுருது. காபி இருந்தா சன்னல் வழியா குடு."

தோட்டா ஆறையும் எடுத்து ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டேன். துப்பாக்கியை ரொட்டி சுடும் அடுப்புக்குள் வைத்து மூடினேன், வேறு இடம் தோன்றவில்லை. காபி போட்டேன். சோளரொட்டியைப் பிளந்து உப்புப் பன்றிக்கறி வைத்து, சன்னலைக் கையளவு தூக்கி வெளியே நீட்டினேன். அவன் விரல் என் விரலில் பட்டது. ஐஸ் மாதிரி இருந்தது. வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்து, கதவில் முதுகைச் சாய்த்துச் சாப்பிட்டான். நானும் உள்ளே தரையில் உட்கார்ந்து அதே கதவில் சாய்ந்துகொண்டேன். இருவருக்கும் நடுவில் ஒன்றரை அங்குலப் பலகை. அவன் மெல்லுகிற சத்தம் எனக்குக் கேட்டது. கோப்பையைப் படியில் வைத்துவிட்டு, "வரேன்மா" என்று சொல்லிப் போய்விட்டான்.

நான் திறக்கவில்லை. அந்தப் பனியில், பெற்றவள், கதவைத் திறக்கவில்லை. ஒரு வாரமாக எனக்குத் தூக்கம் இல்லை. இது பாவமா என்று நீ சொல். சாமியாரிடம் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

பெர்னடீன்


புனித மார்த்தா மடம்
பிப்ரவரி 14

என் அக்கா,

இவ்வளவு நாள் பதில் வராமல் நீ என்ன பாடுபட்டிருப்பாய் என்று தெரியும். உன் கடிதம் வந்த அன்று எனக்கு நிமோனியா காய்ச்சல், மடத்து நோயாளி அறையில் கிடந்தேன். எழுந்து உட்காரும்போது சாம்பல் புதன் கடந்து தவக்காலம் தொடங்கிவிட்டது. தவக்காலத்தில் நாங்கள் எழுதக் கூடாது. உன் கடிதத்தைத் தாயாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்து முடித்துவிட்டு அவரே தாளும் பேனாவும் எடுத்து என் கையில் வைத்தார்.

நீ மறைத்தாய் என்று கோபித்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. நானும் உன்னிடம் மறைத்தேன். அக்டோபர் கடைசியில் ஷேன் எனக்கு எழுதினான். லூயிவில்லில் வீடில்லாதவர்கள் தங்குகிற ஓர் இடத்திலிருந்து. கண்ணாடி, மணிக்கட்டு, கடிகாரம், எல்லாவற்றையும் எழுதியிருந்தான். அம்மாவிடம் சொல்லாதே என்று கேட்டிருந்தான். வாக்குக் கொடுத்துவிட்டேன். அதனால்தான் உன் வாயாலேயே வரட்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். உன் நவம்பர் கடிதத்தைப் படித்தபோது இரண்டு பேர் பொய்யையும் கையில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று தெரியவில்லை.

இப்போது சொல்லலாம் என்று அவனே எழுதிவிட்டான். ஜனவரி இருபத்தைந்தாம் தேதி ஓவன்ஸ்பரோவில் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சேர்ந்திருக்கிறான். தானாகவே நடந்து போய்ச் சேர்ந்தான். இன்றோடு இருபது நாள் ஆகிறது. அவன் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"சித்தி, அம்மா கதவைத் திறக்கல. ஆனா காபியில ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டிருந்தாங்க, நான் கேக்கவே இல்ல. அவங்க அந்தப் பக்கம் உக்காந்திருந்தது எனக்குத் தெரியும். மூச்சு கேட்டுச்சு. திறந்திருந்தா நான் என்ன பண்ணிருப்பேன்னு எனக்கே தெரியாது சித்தி. ஏதாச்சும் தூக்கிட்டுப் போயிருப்பேன்."

பாவமா என்று கேட்டாய். எனக்கு இறையியல் அவ்வளவு தெரியாது அக்கா, நான் அப்பம் சுடுகிறவள். அவன் பசியோடு போகவில்லை. நீயும் உயிரோடு இருக்கிறாய். இரண்டுக்கும் தினமும் நன்றி சொல்கிறேன்.

அவன் முகவரி கீழே இருக்கிறது. நீ எழுதுவாயா என்று கேட்கத் தைரியமில்லாமல் என்னைக் கேட்கச் சொல்லியிருக்கிறான்.

மருந்து சாப்பிடுகிறேன், சூப்பு குடிக்கிறேன், கவலைப்படாதே. நீ தூங்கு.

உன் கார்லீன்


பிரையர் க்ரீக்
பிப்ரவரி 21

அன்பு மகன் ஷேனுக்கு,

அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். சித்திக்குக் காய்ச்சல் வந்து தேறியிருக்கிறாள். நீ சாப்பிடுகிறாயா? அங்கே கம்பளி போதுமா? முதுகுக்குக் கட்டில் சரியாக இருக்கிறதா?

உன்னிடம் ஒரு விஷயத்தை மறைக்க எனக்கு இஷ்டமில்லை. நான் துப்பாக்கி வகுப்புக்குப் போனேன். உனக்குப் பயந்துதான் போனேன். நீ ஜனவரியில் கதவைத் தட்டியபோது அப்பாவின் ரிவால்வர் என் கையில் இருந்தது. இதை உனக்கு எழுதாமல் வேறு எதை எழுதினாலும் அது பொய்யாகிவிடும்.

இப்போது அது வீட்டில் இல்லை. ரெனி டவுன்ஸிடம் கொடுத்துவிட்டேன், அவளுடைய இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறாள். லைசென்ஸ் அட்டை மட்டும் என் பையில் இருக்கிறது. அதில் போட்டோ நன்றாக விழுந்திருக்கிறது, அதனால் வைத்துக்கொண்டேன்.

நீ என்னை வெறுத்தாலும் பதில் எழுது.

அம்மா


ஓவன்ஸ்பரோ
மார்ச் 6

அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். எடை ஒன்பது பவுண்டு கூடிருக்கு. கட்டில் கெட்டியா இருக்கு, முதுகுக்கு அதுதான் நல்லதுன்னு சொல்றாங்க. உனக்கு இரத்த அழுத்தம் எப்படி இருக்கு?

வகுப்பு விஷயம் எனக்கு அப்பவே தெரியும்மா. அன்னைக்கு சனிக்கிழமை நான் தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால குப்பைத்தொட்டிகிட்ட நின்னுட்டிருந்தேன். அங்க சாப்பாடு போடுறாங்கன்னு கேள்விப்பட்டு வந்தேன். நீ வெளிய ஓடி வந்து படியில உக்காந்து அழுதே. ரெனி அக்கா உன் தோள்ல கை வெச்சாங்க. உள்ள என்ன வகுப்பு நடக்குதுன்னு வாசல்ல எழுதிப் போட்டிருந்துச்சு. நீ எதுக்கு வந்திருப்பேன்னு யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கல.

எனக்குக் கோவம் வரல. நல்லதுன்னுதான் நினைச்சேன். அப்பா இருந்திருந்தா எங்கிட்டயிருந்து உன்னைக் காப்பாத்திருப்பார். அவர் இல்ல. அதை நீயே கத்துக்க வேண்டியதாப் போச்சு. அன்னைக்கு சாயங்காலமே ஒரு லாரில ஏறி லூயிவில் போயிட்டேன். தூரமா இருந்தா உனக்கு அது தேவைப்படாதுன்னு.

ஜனவரியில ஏன் வந்தேன்னா, கூடப் படுத்திருந்த ஒருத்தன் காலைல எழுந்திருக்கல. அவன் அம்மா எங்க இருக்காங்கன்னு யாருக்கும் தெரியல. அதான் உன்னைப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்.

கடிகாரத்தை இனிமே கண்டுபிடிக்க முடியாதும்மா. மன்னிச்சிரு.

ஈஸ்டர் அன்னைக்குப் பாக்க வரலாமாம். வரணும்னு கட்டாயம் இல்ல.

ஷேன்


பிரையர் க்ரீக்
மார்ச் 28

அன்புத் தங்கைக்கு,

உயிர்த்த ஆண்டவர் உன் நெஞ்சுச் சளியையும் கையோடு கொண்டுபோகட்டும். நான் நன்றாக இருக்கிறேன். நேற்று இரவு எட்டு மணிநேரம் தூங்கினேன்.

நேற்று ஓவன்ஸ்பரோ போய்வந்தேன். டார்லா கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். கருப்புப் பெர்ரி ஜாம் போட்டு ஒரு கேக் செய்து எடுத்துப்போனேன். வாசலில் ஒரு பெரிய ஆள் பையைச் சோதித்தான். கேக்கையும் விடவில்லை. உள்ளே ஏதாவது ஒளித்திருக்கிறதா என்று பார்க்க நான்கு பக்கமும் கத்தியை விட்டுக் குடைந்தான். "மன்னிக்கணும்மா, எல்லாருக்கும் இதே சட்டம்தான்" என்றான். "குடைப்பா, உன் வேலை அது" என்றேன்.

நீளமான கூடம். மேஜைக்கு ஒரு குடும்பம். கடைசி மேஜையில் ஒருவன் எழுந்து நின்றான். முடியை ஒட்ட வெட்டியிருந்தான், முகம் உப்பியிருந்தது. கட்டிக்கொள்ளலாமா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவன்தான் நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டான். என் மணிக்கட்டைப் பார்த்தான். கையைத் திருப்பி உள்பக்கமும் காட்டினேன். ஒன்றும் இல்லை, ஆறிவிட்டது என்று அவனே பார்க்கட்டும் என்று. அவன் அழுதான். நான் அழவில்லை, எப்படியோ.

தட்டு இல்லை. உதிர்ந்த கேக்கைக் கையாலேயே அள்ளித் தின்றோம். சமையலறையில் உருளைக்கிழங்கு உரிக்கும் வேலை கொடுத்திருக்கிறார்களாம். ஒரு நாளைக்கு ஒரு மூட்டை. "எங்கம்மா பஸ் ஓட்டுறாங்கன்னு சொன்னா இங்க ஒருத்தனும் நம்பல" என்றான். அடுத்த மேஜைக்காரனைக் கூப்பிட்டு என்னைக் காட்டினான். ஏதோ ஒரு பெரிய ஆளைக் காட்டுவது போலக் காட்டினான்.

மணி அடித்தார்கள். எழுந்து கதவு வரை கூட நடந்து வந்தான்.

"அம்மா, ஜூன்ல வெளிய விடுவாங்க. வீட்டுக்கு வரட்டுமா?" என்றான்.

கார்லீன், இரண்டு மணிநேரம் வண்டி ஓட்டிப் போகும்போது வழியெல்லாம் இந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடிக்கொண்டு போனேன். வா என்று சொல்லத்தான் வாய் துடித்தது.

"இல்லப்பா. இப்ப வேணாம். அவங்க சொல்ற இடத்துல ஆறு மாசம் தங்கு. நான் ஒரு ஞாயித்துக்கிழமை விட்டு ஒரு ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன். அப்புறம் பேசுவோம்" என்றேன்.

சொல்லிவிட்டு அவன் கையைத்தான் பார்த்தேன். முகத்தைப் பார்க்கப் பயம். கை அசையவில்லை.

"சரிம்மா" என்றான்.

முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். கோபம் இல்லை. கெஞ்சலும் இல்லை. வெளியே மழை தூறுகிறது, வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு போ என்றான். நான் வேண்டாம் என்று சொல்லி, அவன் சரி என்று கேட்டு எத்தனை வருஷமாகிறது என்று எண்ணிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

ஏப்ரல் பத்தாம் தேதி மறுபடி போகிறேன்.

உன் அக்கா,
பெர்னடீன்